பட்டுப்பூச்சியும் நோயாளியின் சீட்டும்





சென்ற இதழில் மருத்துவமனையின் தேவைகளை வரிசைப்படுத்தியிருந்தோம். பிரசவ வார்டுக்குக் கட்டில்கள், ஆபரேஷன் தியேட்டருக்கு விளக்கு, இவற்றோடு கடைசி வரியாக ரெக்கார்டு அறைக்கு இரும்பு அலமாரிகளும் ஓர் ஊழியரின் சம்பளமும் என்று எழுதியிருந்தோம். கட்டில்களுக்கும் விளக்குக்கும் காணிக்கைகள் வந்து சேர்ந்தன; கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கடைசி வரிக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. ஒரு சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் அன்போடு கேட்டு எழுதியிருந்தார்கள்: "பழைய காகிதங்களைக் காப்பாற்றுவதற்கு ஊழியப் பணம் எதற்கு? ஒரு கம்ப்யூட்டர் வாங்கினால் போதாதா?"

நியாயமான கேள்வி. கொடுக்கிறவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. ஆகவே இந்த இதழில் அதற்கு விரிவாகப் பதில் எழுதுகிறோம். பதிலை ஒரு பூச்சியிடமிருந்து தொடங்க விரும்புகிறோம். நமது மருத்துவமனைக்கு வரும் கிராமத்தாரில் மல்பெரி பயிரிட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் உண்டு. ஒன்றைத் தனியாக எண்ணி, தனியாகக் குறித்து வைப்பதன் பலன் என்ன என்பதை அவர்கள் தொழிலிலிருந்தே நாம் கற்றுக்கொள்ளலாம்.

மிளகு தூவிய புழுக்கள்

சுமார் 160 வருடங்களுக்கு முன்பு தென் பிரான்சில் பட்டுப்புழு வளர்ப்பே ஏழைக் குடியானவர்களின் பிழைப்பாக இருந்தது. அந்தப் புழுக்களுக்கு ஒரு கொள்ளைநோய் வந்தது. நோய்கண்ட புழுவின் உடம்பில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள் தோன்றும். மிளகைக் குறிக்கும் அந்த வட்டாரச் சொல்லிலிருந்தே பெப்ரைன் என்ற பெயர் நோய்க்கு வந்தது. புழுக்கள் தழை தின்னாமல் சுருங்கிச் செத்தன. 1853-ஆம் ஆண்டில் பிரான்சில் சுமார் 2 கோடியே 60 லட்சம் கிலோ பட்டுக்கூடுகள் விளைந்தன. 1865-இல் அது சுமார் 40 லட்சம் கிலோவாகக் குறைந்துபோயிற்று. அயல்நாடுகளிலிருந்து முட்டைகளை வரவழைத்துப் பார்த்தார்கள். சில காலத்திற்குள் அவற்றிலும் நோய் கண்டது.

அந்த 1865-ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் என்ற இரசாயன விஞ்ஞானியை அவருடைய ஆசிரியர் தூமா அங்கே போகும்படி கேட்டுக்கொண்டார். பாஸ்டர் அதுவரை பட்டுப்புழுவைக் கையால் தொட்டவரும் அல்லர். வழியில் பூச்சிகளைப் பற்றி நன்கறிந்த ஃபாபர் என்பவரைச் சந்தித்தார். ஒரு பட்டுக்கூட்டைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ இருக்கிறதா என்று பாஸ்டர் கேட்டதாக ஃபாபர் எழுதியிருக்கிறார். அப்படி ஒன்றும் அறியாதவராகத் தொடங்கியவர், அலேஸ் என்ற ஊரின் பக்கத்தில் தங்கி ஐந்து பருவங்கள் புழுக்களோடு உழைத்தார்.

அது அவருக்குத் துக்கத்தின் காலமாகவும் இருந்தது. 1865-இல் தகப்பனாரையும் சின்ன மகளையும் இழந்தார். 1866-இல் பன்னிரண்டு வயது மகள் டைஃபாய்டு காய்ச்சலில் மரித்தாள். 1868-இல் அவருக்கே பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. மனைவியும் மீந்திருந்த மகளும் அவரோடு சேர்ந்து புழுக்களைப் பராமரித்தார்கள். 1870-இல் அந்த ஆராய்ச்சி புத்தகமாக வெளிவந்தது.

ஒரு தாய்க்கு ஒரு துணித்துண்டு

நோய்கண்ட பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் பளபளப்பான மிகச் சிறிய முட்டைவடிவத் துணுக்குகள் தெரியும். அவற்றைப் பாஸ்டருக்கு முன்பே சிலர் கண்டிருந்தார்கள். இன்று அவை நோசிமா என்ற நுண்ணுயிரின் வித்துக்கள் என்று அறிவோம். இந்த நோய் தழையின் வழியாகப் புழுவுக்குப் புழு பரவும். அதோடு தாய்ப்பூச்சியிலிருந்து முட்டைக்குள்ளேயும் இறங்கிவிடும். முட்டையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது கடினம். தாயைப் பார்த்தால் சொல்லலாம்.

ஆனால் அந்நாள் வழக்கத்தில் நூற்றுக்கணக்கான பூச்சிகளை ஒரே துணியில் விட்டு முட்டையிடச் செய்வார்கள். எந்த முட்டை எந்தத் தாயுடையது என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. நோயுள்ள ஒரு தாயின் முட்டைகள் சுகமான நூறு தாய்களின் முட்டைகளோடு கலந்துவிடும்.

பாஸ்டர் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு மிக எளியது. ஒவ்வொரு தாய்ப்பூச்சியையும் தனித்தனிச் சிறு துணித்துண்டில் விட்டார். அது முட்டையிட்டு முடித்ததும் அந்தத் துணியின் மூலையிலேயே அதைக் குண்டூசியால் குத்தி வைத்தார். பிறகு ஓய்வாக ஒவ்வொரு பூச்சியையும் எடுத்து, சிறு கல்வத்தில் சொட்டுத் தண்ணீர் விட்டு நசுக்கி, நுண்ணோக்கியில் பார்த்தார். துணுக்குகள் கண்டால் அந்தத் துணியை முட்டைகளோடு எரித்தார். காணாவிட்டால் விதைக்கு வைத்துக்கொண்டார்.

இதில் விலையுயர்ந்த பொருள் நுண்ணோக்கி ஒன்றுதான். நோயைத் தடுத்ததோ அந்தத் துணித்துண்டும் குண்டூசியும். எது எதற்குரியது என்ற தொடர்பை அறுந்துபோகாமல் அவை காத்தன. அந்தத் துணியே தாயின் சரித்திரம். அதன் மேலிருக்கும் முட்டைகளின் எதிர்காலம் அந்தச் சரித்திரத்தைப் பொறுத்தது.

இந்த முறையைச் சந்தேகித்தவர்கள் இருந்தார்கள். பாஸ்டர் 14 முட்டைத் தொகுதிகளின் தாய்ப்பூச்சிகளைச் சோதித்து, அடுத்த பருவத்தில் ஒவ்வொன்றும் எப்படி விளையும் என்று எழுதி ஓர் ஊரின் மேயரிடம் ஒப்படைத்து வைத்தார். அறுவடைக்குப் பின் ஒப்பிட்டபோது 12 தொகுதிகள் அவர் எழுதியபடியே இருந்தன. சந்தேகித்தவர்களுக்கு முன்னமே எழுதிவைத்த ஒரு தாள் பதில் சொன்னது.

நம்முடைய தேசத்திலும் கிறிஸ்தவ ஊழியத்திற்கும் பட்டுத் தொழிலுக்கும் ஒரு தொடர்பு இருந்திருக்கிறது. ஜம்ஷெட்ஜி டாட்டா பெங்களூரில் ஜப்பானிய நிபுணர்களின் உதவியோடு நிறுவிய பட்டுப் பண்ணையை 1910-ஆம் ஆண்டில் இரட்சணிய சேனையார் ஏற்று நடத்தினார்கள். அவர்களுடைய தலைவர் பூத் டக்கர், ஏழைக் குடும்பங்களுக்குப் பிழைப்பாகப் பட்டு வளர்ப்பைப் பரப்புவதில் ஊக்கமாயிருந்தார்.

இன்றைக்கும் முட்டை தயாரிக்கும் நிலையங்களில் தாய்ப்பூச்சிகளைச் சோதித்தே முட்டைகளைக் கொடுக்கிறார்கள். கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு மாவட்டங்களில் பட்டு வளர்க்கிறவர்களைக் கேட்டால், நோயற்ற முட்டைத் தொகுதி என்ற சொல்லை உடனே சொல்வார்கள். ஒரு தாய் இடும் ஏறக்குறைய 400 அல்லது 500 முட்டைகளே ஒரு தொகுதி. ஒரு மனிதர் கண்ட எளிய ஒழுங்கு இத்தனை வருடங்களாக அவர்கள் வீட்டு அடுப்பை எரியச் செய்கிறது.

நோயாளிக்கு ஓர் எண்

மருத்துவமனைகளிலும் இதே குழப்பம் நெடுநாள் இருந்தது. ஒவ்வொரு டாக்டரும் தமக்கென ஒரு பேரேடு வைத்து, அன்றன்று கண்ட நோயாளிகளை வரிசையாக எழுதிக்கொண்டு போவார். அதே நோயாளி ஆறு மாதம் கழித்து வேறு டாக்டரிடம் வந்தால் அவர் வேறொரு பேரேட்டில் எழுதுவார். ஒரே மனிதருடைய சரித்திரம் நாலைந்து புத்தகங்களில் சிதறிக் கிடக்கும். பல பூச்சிகள் ஒரே துணியில் முட்டையிட்டது போன்ற நிலைமை!

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்ற ஊரில் மேயோ மருத்துவமனை இருக்கிறது. அங்கே ஹென்றி பிளம்மர் என்ற டாக்டர் 1907-ஆம் ஆண்டில் ஒரு மாற்றம் செய்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்கு ஓர் உறை. எந்த டாக்டர் பார்த்தாலும், எந்தச் சோதனை செய்தாலும், எத்தனை வருடம் கழித்து வந்தாலும், எல்லாக் குறிப்பும் அந்த ஒரே உறைக்குள் போகவேண்டும். இன்று நமது ஓ.பி. சீட்டின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் எண்ணுக்கு மூலம் அங்கே இருக்கிறது. பாஸ்டரைப் பார்த்துப் பிளம்மர் இதைச் செய்தார் என்று நாங்கள் சொல்லவில்லை. இருவரும் ஒரே உண்மையைத் தங்கள் தங்கள் வேலையில் கண்டுகொண்டார்கள்: ஒருவருக்குரியதை அவரோடேயே வைக்கவேண்டும்.

தாயின் கையில் ஓர் அட்டை

மூன்றாவது கண்டுபிடிப்பு ஒரு மிஷன் மருத்துவமனையில் பிறந்தது என்பதை எழுத எங்களுக்குச் சந்தோஷம். நைஜீரியாவில் இலேஷா என்ற ஊரில் வெஸ்லி கில்ட் மருத்துவமனை மெதடிஸ்து மிஷனைச் சேர்ந்ததாயிருந்தது. அங்கே 1950-களில் டேவிட் மார்லி என்ற குழந்தை வைத்தியர் ஊழியம் செய்தார். குழந்தைகள் தட்டம்மையாலும் வயிற்றுப்போக்காலும் மரித்துக்கொண்டிருந்தார்கள். அநேக மரணங்களுக்கு அடியில் ஊட்டக்குறைவு இருந்தது. ஊட்டக்குறைவு மெதுவாக வருவதால் பெற்ற தாயின் கண்ணுக்கே தெரிவதில்லை.

மார்லி ஓர் அட்டையை உருவாக்கினார். அதில் மாதங்கள் குறுக்காகவும் எடை நெடுக்காகவும் அச்சிடப்பட்டிருக்கும். நடுவில் மேல்நோக்கிப் போகும் ஒரு பாதை. ஒவ்வொரு மாதமும் குழந்தையை நிறுத்து ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளிகள் பாதையோடு ஏறினால் குழந்தை தேறுகிறது. கோடு படுத்துவிட்டாலும் கீழே இறங்கினாலும் ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவாள்.

இன்னொரு துணிகரமான காரியமும் செய்தார். அந்த அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தாயின் கையிலேயே கொடுத்துவிட்டார். தொலைத்துவிடுவார்கள் என்று பலர் பயந்தார்கள். தாய்மாரோ அதைப் பத்திரமாகக் காத்தார்கள். வேறு ஊருக்குப் போனாலும் அட்டை கூடவே போயிற்று. பிற்காலத்தில் அநேக நாடுகள் இந்த முறையைப் பின்பற்றின. நம் ஊர் அங்கன்வாடியிலும் தடுப்பூசி நாளிலும் நீங்கள் காணும் வளர்ச்சி வரைபடம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

வராதவரைக் காட்டும் பெட்டி

இனி நம்முடைய ரெக்கார்டு அறைக்கு வருவோம். அங்கே கதவருகில் ஒரு பழைய மரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் 31 அறைகள், மாதத்தின் நாட்களுக்கு ஒன்றாக. காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை உண்டு. அடுத்த முறை வரவேண்டிய தேதியின் அறையில் அந்த அட்டையைப் போட்டு வைப்போம். அவர் வந்தால் அட்டை அடுத்த தேதிக்கு நகரும். சாயங்காலம் அன்றைய அறையில் மீந்திருக்கும் அட்டைகள் வராதவர்களுடையவை. மறுநாள் அந்த அட்டைகளை எடுத்துக்கொண்டு நமது ஊழியர் அவர்கள் வீடு தேடிப் போகிறார்.

காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து சாப்பிடவேண்டும். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, பசி எடுத்து, உடம்பு தேறிவிடும். அப்போதுதான் அநேகர் நிறுத்திவிடுகிறார்கள். மீந்த கிருமிகள் பிறகு மருந்துக்கு அடங்காதவையாகத் திரும்பக்கூடும். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் பரவக்கூடும்.

இந்தக் காரியத்தில் நம் சென்னைக்கு ஒரு பெருமை உண்டு. 1956-இல் அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்து நல்ல ஆகாரம் கொடுத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. சென்னையின் ஏழைக் குடும்பங்களில் ஒரு பகுதியாரை வீட்டிலேயே வைத்தும், மற்றொரு பகுதியாரைச் சானடோரியத்தில் சேர்த்தும் ஒரு வருடம் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவில் குணமடைந்தார்கள். அவர்களோடு வாழ்ந்தவர்களுக்கு அதனால் அதிக ஆபத்தும் நேரவில்லை என்று 1959-இல் வெளியிட்டார்கள். உலகமெங்கும் காசநோய் சிகிச்சையின் போக்கை அது மாற்றியது. அதைச் சாதிக்க அவர்கள் வீடு வீடாகச் சென்று மாத்திரைகளை எண்ணி, ஒவ்வொருவருக்கும் பொறுமையாகக் குறிப்பு எழுதினார்கள்.

நூறு ஆடுகளில் ஒன்று தவறியதைத் தேடிப்போன மேய்ப்பரைப் பற்றி லூக்கா 15-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவர் தேடியதையும் தோளில் சுமந்ததையும் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். ஆனால் ஒன்று குறைகிறது என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? அன்று சாயங்காலம் அவர் எண்ணியிருக்கவேண்டும். எண்ணாத மேய்ப்பருக்கு ஒன்று போனதே தெரியாது. அன்பில்லாததால் மாத்திரம் ஆடுகள் தொலைவதில்லை, கணக்கில்லாததாலும் தொலைகின்றன.

உணர்வு எப்போது போனது?

இன்னும் ஓர் உதாரணம். தொழுநோய்க்கு இன்று நல்ல கூட்டு மருந்து உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981-இல் அதைச் சிபாரிசு செய்தது. மருந்து கிருமியைக் கொல்லும். ஆனால் சிகிச்சை நடக்கும்போதும், அதற்குப் பின்னும், நரம்புகள் வீங்கிக் கையிலும் காலிலும் உணர்வு போகக்கூடும். ஆகவே வரும்போதெல்லாம் நோயாளியின் கண்ணை மூடச்சொல்லி, மெல்லிய நைலான் இழையாலோ பேனா முனையாலோ உள்ளங்கையிலும் பாதத்திலும் தொட்டு, எங்கே தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று ஒரு படத்தில் குறித்து வைக்கிறோம்.

ஒருவர் வந்து சுண்டுவிரல் மரத்திருக்கிறது என்கிறார். அந்த உணர்வு சமீபத்தில் போனதா, பல வருடங்களுக்கு முன் போனதா? ஆறு மாதத்திற்குள் போனதானால் பிரெட்னிசலோன் மருந்தைத் தக்க முறையில் கொடுத்து அநேகருக்கு அதைத் திரும்பப் பெறச் செய்யலாம். நெடுநாட்பட்டதானால் அந்த மருந்தினால் பலன் குறைவு. பக்க விளைவுகள்தான் மிஞ்சும். அந்த மனிதருக்கு நாள் நினைவிருப்பதில்லை. வலியில்லாத இழப்பை யார் தேதி வைத்து நினைப்பார்கள்? போன முறை வரைந்த படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால் பதில் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். படம் கரையானுக்கு இரையாகியிருந்தால் டாக்டர் ஊகித்தே செய்யவேண்டும். ஒரு தாளினால் ஒரு கை பிழைக்கிறது என்று நாங்கள் சொல்வது அலங்காரப் பேச்சு அன்று.

கம்ப்யூட்டர் போதாதா?

கம்ப்யூட்டர் நம்மிடமும் இருக்கிறது. பதிவு எண் கொடுப்பது, இரத்தப் பரிசோதனை முடிவுகள், பில் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. 2021-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தின்படி குடிமக்கள் 14 இலக்க ஆரோக்கிய எண்ணும் பெற்றுக்கொள்ளலாம். இவற்றையெல்லாம் ஸ்தோத்திரத்தோடு ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் மூன்று காரியங்களை நினைவில் வைக்கவேண்டும்.

முதலாவது, பழைய ஃபைல்கள் தாமாகக் கம்ப்யூட்டருக்குள் போவதில்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, ஊசியெடுத்து, ஸ்கேன் செய்து, சரியான எண்ணோடு சேர்க்க ஓர் ஆள் வேண்டும். எண் ஒன்று மாறினால் ஒருவருடைய மருந்து ஒவ்வாமை வேறொருவர் பெயரில் ஏறிவிடும். அதன் விளைவு உயிராபத்து.

இரண்டாவது, சட்டப்படியும் நமக்குப் பொறுப்பு உண்டு. உள்நோயாளிகளின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்கவும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் கொடுக்கவும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகள் சொல்கின்றன. தொழுநோய் போன்றவற்றிற்கு அதைவிட நெடுங்காலம் வைப்பது நலம் என்பதை மேலே கண்டோம்.

மூன்றாவது, இரகசியம். எங்கள் போதக ஊழியத்தில் படுக்கையருகே கேட்டவற்றை வெளியே சொல்லமாட்டோம். அதேபோல ஒருவருடைய நோய் இன்னதென்ற குறிப்பும் பூட்டிக் காக்கப்படவேண்டும். தொழுநோய் என்ற ஒரு சொல் வெளியே போனதால் மகளின் கல்யாணம் நின்றுபோன வீடுகளை நாம் அறிவோம். அலமாரிக்கு ஒரு பூட்டும், கம்ப்யூட்டருக்கு ஒரு கடவுச்சொல்லும், இரண்டையும் உண்மையோடு காக்கும் ஓர் ஊழியரும் வேண்டும்.

கட்டிலுக்குக் கொடுத்தவர் அதில் ஒரு தாய் படுத்திருப்பதைக் கண்ணால் காணலாம். ரெக்கார்டு அறைக்குக் கொடுத்தவர் அப்படி ஒன்றும் காணமாட்டார். வராதவர் வீட்டுக் கதவை ஒருவர் போய்த் தட்டுவதும், மரத்துப்போகவிருந்த கை மறுபடி சூடு குளிர் அறிவதும் கண்மறைவில் நடக்கிற காரியங்கள். நல்ல மேய்ப்பர் தம் ஆடுகளைப் பெயரால் அறிந்திருக்கிறார் என்று விசுவாசிக்கிற நாம், நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை எண்ணாமலும் எழுதாமலும் விடலாகாது.

கரையான் ஏறாத இரும்பு அலமாரிகள், ஃபைல் உறைகள், ஒரு ஸ்கேனர், ஓர் ஊழியரின் ஒரு வருடச் சம்பளம் இவையே இப்போதைய தேவை. ஒரு குடும்பமாகவோ, ஞாயிறு பள்ளி வகுப்பாகவோ, ஐக்கிய சங்கமாகவோ ஓர் அலமாரியை நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். காணிக்கை அனுப்பும்போது "ரெக்கார்டு அறைக்கு" என்று குறிப்பிட்டு எழுதுங்கள். கேள்வி கேட்டு எழுதிய சகோதரிகளுக்கு எங்கள் நன்றி. நேரில் வந்தால் அந்த மரப்பெட்டியைக் காட்டுகிறோம்.

ஜெபக் குறிப்புகள்

1. கட்டில்களும் விளக்கும் கிடைத்ததற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம்.

2. சிகிச்சையை நடுவில் விட்டுவிட்ட காசநோயாளிகள் திரும்பி வரும்படி ஜெபிப்போம்.

3. அவர்களைத் தேடிக் கிராமங்களுக்குச் செல்லும் ஊழியரின் பிரயாணப் பாதுகாப்புக்காக ஜெபிப்போம்.

4. ஒருவரும் காணாத இடத்தில் உட்கார்ந்து எண்களையும் பெயர்களையும் எழுதுகிறவர்கள் சோர்ந்துபோகாமல் உண்மையாயிருக்க ஜெபிப்போம்.

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
மருத்துவமனைப் போதகர்